டிஸ்எபிலிட்டி க்ளெய்முக்கு சங்கங்களை நம்பலாமா?

சான் ஆன்டோனியோக்காரன்:
மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், அதனால் இங்கே கேட்கிறேன். குடியுரிமை இல்லாதவர்களைச் சேர்த்த மாவ்னி திட்டம் வழியாக அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவன் நான், இப்போது வெளியே வந்துவிட்டேன். வி.ஏ.வில் (முன்னாள் படைவீரர் நலத்துறை) வலது முழங்காலுக்கும் முதுகுக்கும் க்ளெய்ம் போட்டேன். முழங்காலுக்கு 10 சதவீத ரேட்டிங் (பாதிப்பின் அளவு, மாதத் தொகை அதன்படிதான்) கொடுத்தார்கள். முதுகுக்கு மறுத்துவிட்டார்கள். வலி இருக்கிறது, ஆனால் சேவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பரிசோதித்த டாக்டர் எழுதியிருக்கிறார். கூட இருந்த ஒருவர் டி.ஏ.வி. மாதிரி முன்னாள் படைவீரர் சங்கத்திடம் போ, இலவசமாகச் செய்து தருவார்கள் என்கிறார். இன்னொருவர் அங்கே போனால் ஃபைல் தூங்கிவிடும் என்கிறார். நடுவில் ஒரு கம்பெனி ஓயாமல் போன் செய்கிறது, ரேட்டிங் ஏறினால் மாதத் தொகையில் எவ்வளவு கூடுகிறதோ அதைப் போல ஐந்து மடங்கு கொடுத்தால் போதுமாம். இந்தச் சங்கங்கள், அதாவது வி.எஸ்.ஓ.க்கள், உண்மையிலேயே உதவுகிறார்களா?

பழைய சார்ஜன்ட்:
தம்பி, முதலில் அந்தக் கம்பெனி நம்பரை பிளாக் பண்ணு. முதல் க்ளெய்மைத் தயாரிக்க யாரும் காசு வாங்கக் கூடாது, வி.ஏ. அங்கீகரித்த வக்கீல் கூட. முதல் முடிவு வந்த பிறகுதான் ஃபீஸ், அதுவும் அங்கீகாரம் உள்ளவருக்கு மட்டும்தான். இந்தக் கம்பெனிகள் 'நாங்கள் ஆலோசனை மட்டும்தான் சொல்கிறோம்' என்று நழுவுகிறார்கள். தடையை மீறினால் கிரிமினல் தண்டனை என்று இருந்ததை 2006-இல் எடுத்துவிட்டார்கள், அந்தத் துணிச்சல்தான்.

அடுத்து சங்கம். என் அனுபவம் சொல்கிறேன். சங்கத்தைப் பிரதிநிதியாக வைக்கிற 21-22 ஃபாரத்தில் கையெழுத்து வாங்கினார்கள், நான் கொடுத்த காகிதத்தை அப்படியே அப்லோட் செய்தார்கள், அவ்வளவுதான். என் ஃபைலை யாரும் திறந்து படிக்கவில்லை. நானே சி-ஃபைலை (வி.ஏ. வைத்திருக்கும் என் முழு க்ளெய்ம் ஃபைல்) வரவழைத்து, உட்கார்ந்து படித்து, நானே அடுத்த க்ளெய்மைப் போட்டேன். இலவசம் என்பது உண்மைதான், வேலையும் அந்த விலைக்கு ஏற்ற மாதிரிதான் இருக்கும். ஊரில் இருக்கிற வி.எஃப்.டபிள்யூ. சங்கக் கிளைக்கு, அதாவது போஸ்ட்டுக்குப் போய்ப் பார், பீரும் பிங்கோவும் இருக்கும், படைவீரர் சட்டமான டைட்டில் 38 தெரிந்த ஆள் இருக்க மாட்டார்.

ஓஹையோ அக்கா:
சார்ஜன்ட் அண்ணா, போஸ்ட் வேறு, க்ளெய்ம் வேலை செய்கிற சர்வீஸ் ஆபீசர் வேறு. நான் ஓஹையோவில் ஒரு கவுண்டி (மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் க்ளெய்ம் வேலை பார்க்கிறேன், இங்கே 88 கவுண்டியிலும் இப்படி ஒரு அலுவலகம் உண்டு. வி.ஏ. அங்கீகாரம் இல்லாமல் எங்களால் யாருக்கும் பிரதிநிதியாக நிற்க முடியாது. பெரிய சங்கங்களின் சர்வீஸ் ஆபீசர்கள் பலர் வி.ஏ. ரீஜினல் ஆபீசிலேயே உட்கார்ந்திருப்பார்கள், பிங்கோ ஹாலில் தேடினால் எப்படிக் கிடைப்பார்கள்? அவர்களிடம் போக உறுப்பினராகவும் இருக்க வேண்டியதில்லை.

தம்பி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். காதில் இரைச்சல் இருக்கிறதா? முழங்காலால் நீ நொண்டி நடந்தது எங்கேயாவது பதிவாகியிருக்கிறதா?

சான் ஆன்டோனியோக்காரன்:
அக்கா, இரைச்சல் இருக்கிறது, துப்பாக்கி சுடும் ரேஞ்சில் நிறைய நின்றிருக்கிறேன். அதெல்லாம் எல்லாருக்கும் இருக்கும் என்று நினைத்து க்ளெய்மில் எழுதவில்லை. நொண்டியது பற்றி ஃபிசிக்கல் தெரபி குறிப்பில் இருக்கிறது.

ஓஹையோ அக்கா:
பார்த்தீர்களா? சங்கத்து ஆள் செய்ய வேண்டிய வேலையே இதுதான். டின்னிடஸுக்கு, அதாவது அந்தக் காது இரைச்சலுக்கு, இப்போதைய விதிப்படி 10 சதவீதம் உண்டு. முதுகு நேரடியாகச் சேவையில் வந்தது என்று நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏற்கெனவே சேவைக் காயம் என்று ஒப்புக்கொண்ட முழங்காலால் நடை கோணலாகி முதுகு கெட்டது என்றால் அது செகண்டரி. முழங்காலால் முதுகு வந்ததா, அல்லது ஏற்கெனவே இருந்த முதுகுவலி முழங்காலால் மோசமானதா என்று இரண்டையும் டாக்டர் பார்க்க வேண்டும். ஒரு கணக்கும் சொல்கிறேன். முழங்கால் 10, முதுகு 20 என்று கொடுத்தால் வி.ஏ. கணக்கில் 28 வரும், அதை 30 ஆக்குவார்கள். 30 தொட்டால்தான் மனைவி, பிள்ளைகளுக்கான கூடுதல் தொகை ஆரம்பிக்கும். இதையெல்லாம் எதிரே உட்கார்ந்து கேட்கிறவர் இல்லாமல் எத்தனை பேர் தானாகக் கண்டுபிடிப்பார்கள்?

பழைய சார்ஜன்ட்:
நீங்கள் நல்ல ஆபீசர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பி நாளைக்குப் போய் நிற்கிற மேஜைக்குப் பின்னால் நீங்கள் இருக்கப் போவதில்லையே! 2022 ஆகஸ்டில் நச்சுப் பாதிப்புகளுக்கான பாக்ட் சட்டம் வந்த பிறகு பர்ன் பிட் (குப்பை எரிக்கும் குழி) புகை, ஏஜென்ட் ஆரஞ்ச் ரசாயனம் என்று கூட்டம் குவிந்தது, ஒரு ஆள் தலையில் ஏகப்பட்ட ஃபைல். அவர் இந்தக் கேள்வியெல்லாம் கேட்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இன்னொன்று, தம்பியின் க்ளெய்ம் தோற்றது டாக்டரின் ஒரு வரியில். அதை உடைக்க இன்னொரு டாக்டர் 'தொடர்பு இருப்பதற்கான வாய்ப்பு குறைந்தபட்சம் சரிபாதி' என்று காரணத்தோடு எழுதித் தர வேண்டும். நெக்ஸஸ் லெட்டர். எந்தச் சங்கமும் அதை எழுதித் தராது, அவர்களிடம் டாக்டர் கிடையாது. அப்படியிருக்க அவர்கள் செய்வது தபால்காரர் வேலைதானே?

லீகல் ஃபைல்:
வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறேன், அதனால் நான் எந்தப் பக்கம் என்று நீங்களே ஊகித்துக் கொள்ளுங்கள்.

இந்தச் சண்டை புதிதில்லை. 1864-இலிருந்து 1988 வரை படைவீரரின் க்ளெய்முக்கு வக்கீல் 10 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஆமாம், பத்து டாலர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் வைத்த தொகையை அதன்பின் தொடவே இல்லை. எந்த வக்கீல் வருவான்? அந்த இடத்தை சங்கங்கள் நிரப்பின. வி.எஃப்.டபிள்யூ. 1899, அமெரிக்கன் லீஜன் 1919, டி.ஏ.வி. 1920. அந்த வரம்பை எதிர்த்த வழக்கு 1985-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சங்கங்கள் இலவசமாக இருக்கும்போது வக்கீல் எதற்கு என்பது முக்கியமான வாதங்களில் ஒன்று. அந்தத் தீர்ப்பிலேயே அப்பீல் போர்டின் வெற்றி விகிதங்கள் இருக்கின்றன: பெரிய சங்கங்கள் எல்லாம் 16 சதவீதத்தை ஒட்டி, வக்கீல் 18.3, யாருமே இல்லாமல் போனவர் 15.2.

பழைய சார்ஜன்ட்:
15.2-க்கும் 16-க்கும் என்ன வித்தியாசம்? நான் சொன்னதைத்தான் உச்ச நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது!

லீகல் ஃபைல்:
அவசரப்படாதீர்கள். அது நீதிமன்ற மறுபரிசீலனையே இல்லாத காலம், வி.ஏ. சொன்னதே கடைசி. படைவீரர் க்ளெய்முக்கென்று தனி அப்பீல் கோர்ட் வந்ததே 1988 சட்டத்தால்தான். சிக்கலான கேஸ்களை வக்கீலிடம் கொண்டுபோகிறார்கள், சாதாரண கேஸ்களை சங்கத்திடம். அந்த எண்ணை வைத்து யார் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. என் கருத்து, முதல் க்ளெய்முக்கு சங்கமே போதும், எங்களுக்கு அங்கே ஃபீஸும் கிடையாது. போர்டுக்கும் அதற்கு மேலும் போகும்போது வக்கீல். நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயமான ஃபீஸ் என்று விதியே எடுத்துக் கொள்கிறது.

தம்பியின் விஷயத்தில் சார்ஜன்ட் சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. தெரபி குறிப்பு ஏற்கெனவே ஃபைலில் இருந்து, டாக்டர் செகண்டரி கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை என்றால், அந்தப் பரிசோதனையே போதாது. க்ளெய்முக்கு உதவும் கடமையில் வி.ஏ. தவறியது என்று ஹையர்-லெவல் ரிவ்யூவில் (அதே ஃபைலை மேல்நிலை அதிகாரி மறுபடி பார்ப்பது) சுட்டிக்காட்டலாம், போனில் இன்ஃபார்மல் கான்ஃபரன்ஸும் கேட்கலாம். காசு கொடுத்து லெட்டர் வாங்காமலேயே வி.ஏ. செலவில் புதுக் கருத்து வரலாம்.

பழைய சார்ஜன்ட்:
வரலாம். வந்து மறுபடியும் 'சம்பந்தமில்லை' என்றே எழுதலாம். ரிவ்யூவில் புது ஆதாரம் சேர்க்க முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள். சப்ளிமெண்டல் க்ளெய்ம் (புது ஆதாரத்தோடு மறுபடி கேட்பது) போட்டு, நெக்ஸஸ் லெட்டரையும் சேர்த்துக் கொடுத்தால் கையில் ஆயுதம் இருக்கிறது. தன்னைப் பார்க்கிற டாக்டரே எழுதினால் பெரிய செலவும் இல்லை.

ஓஹையோ அக்கா:
அந்தக் குறிப்பு ஃபைலில் இருக்கிறதா என்பது யாருக்காவது தெரியுமா? தம்பி கையில் இருக்கிறது என்பது வேறு, வி.ஏ. கையில் இருக்கிறது என்பது வேறு. ஃபைலில் இல்லையென்றால் ரிவ்யூ வீண், சப்ளிமெண்டல்தான் வழி. 21-22 கொடுத்தால் பிரதிநிதி கணினியில் உன் ஃபைலைத் திறந்து பார்க்க முடியும். நீயாக சி-ஃபைல் கேட்டால் காத்திருக்க வேண்டும். அண்ணா இதைத்தான் தபால்காரர் வேலை என்கிறார்.

பழைய சார்ஜன்ட்:
திறந்து பார்க்க முடியும் என்பதற்கும் திறந்து பார்ப்பார் என்பதற்கும் இடையில்தான் அக்கா நான் மாட்டிக்கொண்டு கிடந்தேன். தம்பி, போகத்தான் போகிறாய் என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேள்: 'கையெழுத்துப் போட்டால், என் தெரபி குறிப்பு ஃபைலில் இருக்கிறதா என்று திறந்து காட்டுவீர்களா?' மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடு. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயமில்லை, எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து வேறு ஆளை வைத்துக் கொள்ளலாம்.

சான் ஆன்டோனியோக்காரன்:
சரி அண்ணா. எங்கள் பெக்ஸர் கவுண்டியிலும் அக்கா சொன்ன மாதிரி அலுவலகம் இருக்கிறது, அங்கேயே போகிறேன். குறிப்பு ஃபைலில் இருந்தால் ரிவ்யூ, இல்லாவிட்டால் சப்ளிமெண்டல், காதுக்குத் தனியாகப் புது க்ளெய்ம். நெக்ஸஸ் லெட்டருக்கு என் டாக்டரிடமும் கேட்டு வைக்கிறேன்.

லீகல் ஃபைல்:
மறுப்புக் கடிதத்தின் தேதி என்ன? ஒரு வருடத்துக்குள் போட்டால்தான் பழைய எஃபெக்டிவ் டேட் (தொகை எந்தத் தேதியிலிருந்து என்பது) நிற்கும், நிலுவைத் தொகை எல்லாம் அதிலிருந்துதான்.

சான் ஆன்டோனியோக்காரன்:
இன்னும் ஒன்றரை மாதம்தான் இருக்கிறது.

ஓஹையோ அக்கா:
அப்படியென்றால் லெட்டருக்காகக் காத்திருக்காதே. காதுக்கு இன்றைக்கே ஆன்லைனில் இன்டென்ட் டு ஃபைல் (க்ளெய்ம் போடப் போகிறேன் என்ற முன்னறிவிப்பு) போடு, தேதி ஒரு வருடத்துக்கு நிற்கும். முதுகுக்கு இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்கு.

பழைய சார்ஜன்ட்:
அப்பாயின்ட்மென்ட் ஒன்றரை மாதம் தள்ளித்தான் கிடைக்கிறது என்றால் சப்ளிமெண்டலுக்கான 20-0995 ஃபாரத்தை நீயே நிரப்பி, தெரபி குறிப்பையும் இணைத்து அனுப்பிவிடு. ஃபாரத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு யாரும் தேவையில்லை.