சிர்ஹிந்தில் மறுத்து நின்றவர்கள்: பஞ்சாபின் குருத்வாராக்களில் கண்டதும் கேட்டதும்

முதற்பதிவு: லூதியானாவில் பணிபுரியும் உறுப்பினர்

பஞ்சாபில் நாம் சென்ற சீக்கியத் தலங்களையும் அங்கே சந்தித்த மனிதர்களையும் பற்றிய பகிர்வுகளில் அமிர்தசரஸ் பொற்கோயிலே பெரும்பாலும் இடம்பெறுவது இயல்புதான். நான் சிர்ஹிந்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். அம்பாலாவிலிருந்து லூதியானா செல்லும் ரயில் பாதையில் இருக்கும் அந்த ஊரை மற்ற நாட்களில் பலர் கவனிக்காமலே கடந்து போவார்கள். டிசம்பரின் கடைசி வாரத்தில் மட்டும், டிராக்டர் டிராலிகளில் வைக்கோல் பரப்பி, கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு, கிராமம் கிராமமாக மக்கள் அங்கே வந்து குவிகிறார்கள். உயிர்த்தியாகம் செய்தவர்களை நினைவுகூரும் அந்தக் கூடலுக்கு ஷஹீதி ஜோர் மேளா என்று பெயர். துக்க வீட்டுக்கு வந்தவர்களைப்போல அவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொள்வதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

பின்னணி அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1704 டிசம்பரில் (1705 என்று கணக்கிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு) பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங், நெடுநாள் முற்றுகைக்குப் பின் ஆனந்த்பூர் கோட்டையை விட்டு வெளியேறினார். பத்திரமாகப் போகலாம் என்று முகலாயத் தளபதிகளும் மலைநாட்டு அரசர்களும் சத்தியம் செய்து கொடுத்திருந்தும், வெளியேறியவர்களை அவர்களுடைய படைகள் வழியிலேயே தாக்கின. மழையில் பெருக்கெடுத்திருந்த சர்சா ஆற்றைக் கடக்கும்போது குருவின் குடும்பம் சிதறியது. மூத்த மகன்களான அஜீத் சிங்கும் ஜுஜார் சிங்கும் தந்தையுடன் சம்கௌர் சென்று அங்கே நடந்த போரில் வீழ்ந்தார்கள். இளையவர்களான ஜோராவர் சிங்கும் ஃபதே சிங்கும் பாட்டி மாதா குஜ்ரியுடன், தங்கள் வீட்டில் சமையல் செய்துவந்த கங்கு என்பவனின் ஊருக்குப் போனார்கள். அவன் காட்டிக்கொடுத்ததால் மூவரும் சிர்ஹிந்தின் நவாப் வஜீர் கானிடம் கொண்டுசெல்லப்பட்டார்கள். மூத்தவனுக்கு 9 வயது, இளையவனுக்கு 6 அல்லது 7 வயதுதான் இருக்கும். மதம் மாற மறுத்த அந்தச் சிறுவர்களை உயிருடன் சுவருக்குள் வைத்துக் கட்டும்படி நவாப் ஆணையிட்டார். அவர்கள் கொல்லப்பட்ட நாளிலேயே பாட்டியும் காவலில் உயிர்நீத்தார்.

இவ்வளவும் எனக்குப் படித்துத் தெரிந்திருந்தது. ஆனால் ஃபதேகட் சாஹிப் குருத்வாராவுக்குச் செல்லும் சாலையில் ஒரு முதியவர் என்னை நிறுத்திக் கையில் ஒரு குவளை சூடான பாலைத் தந்தபோது, அதை வழக்கமான லங்கர் (எல்லோருக்கும் இலவசமாக உணவளிக்கும் சீக்கிய வழக்கம்) உபசரிப்பு என்றே எண்ணிக்கொண்டேன். பெரிய இரும்புக் கடாய்களில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. அவருடைய ஊர்க்காரர்கள் விடியுமுன்பே வந்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். நான் பணம் எடுக்க முற்பட்டதைப் பார்த்து அவர் சிரித்துவிட்டு, "குடி, புத்தர். இது மோதி ராம் பாபாவின் பால்" என்றார். பஞ்சாபியில் 'புத்தர்' என்றால் மகன். அப்படி அழைத்துப் பேசுவது அங்குள்ள பெரியவர்களின் வழக்கம். "யார் பாபாஜி அவர்?" என்று கேட்டேன். கடாயைக் கிளறும் வேலையை ஓர் இளைஞனிடம் ஒப்படைத்துவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

மோதி ராம் மெஹ்ரா, நவாபின் சிறையிலிருந்த இந்துக் கைதிகளுக்கு உணவு தயாரிக்கும் பணியில் இருந்தவர். டண்டா புர்ஜ் எனப்படும் குளிர்க் கோபுரத்தில் மாதா குஜ்ரியும் பேரன்களும் அடைக்கப்பட்டிருந்தார்கள். கோடையில் நவாப் குடும்பத்தினர் இளைப்பாறுவதற்காகக் காற்றும் நீரின் குளுமையும் வரும்படி கட்டப்பட்ட அந்தக் கோபுரத்தில், போஹ் மாதத்துப் பனியில், போர்வை இல்லாமல் அவர்கள் இரவுகளைக் கழித்தார்கள். நம்முடைய மார்கழியும் அவர்களுடைய போஹ் மாதமும் ஏறத்தாழ ஒன்றே என்றாலும், பஞ்சாபின் அந்தக் குளிர் நம் மார்கழிக் குளிரைப் போன்றதன்று. நாலடி தூரத்தில் நிற்பவரின் முகம் தெரியாத மூடுபனியில் நின்று கேட்டபோதுதான் அது எனக்கு உறைத்தது. மோதி ராம் தம் மனைவியின் நகைகளைக் காவலர்களுக்குக் கையூட்டாகக் கொடுத்து, இரவில் கோபுரத்துக்குள் போய் அந்த மூவருக்கும் சூடான பால் கொடுத்தார். செய்தி வெளிப்பட்ட பின், அவரையும் அவர் குடும்பத்தையும் எண்ணெய்ச் செக்கில் இட்டுக் கொன்றார்கள் என்பது மரபு.

"குருஜியின் பிள்ளைகளுக்காக வாளெடுத்துப் போரிட்டவர்களை எல்லோரும் பாடுகிறார்கள். ஒரு குவளை பாலுக்காகக் குடும்பத்தையே கொடுத்தவரை நாங்கள் பாலாலேயே நினைக்கிறோம்" என்று அந்தப் பெரியவர் சொன்னார். அதன் பிறகு சாலை நெடுகிலும் எத்தனை பால் கடாய்கள் இருக்கின்றன என்பது என் கண்ணில் படத் தொடங்கியது. குருத்வாராவுக்குள் போனபின் அங்கே கீழ்த்தளத்தில் போரா சாஹிப் என்று வணங்கப்படும் சுவர்ப் பகுதியின் முன் மக்கள் அழுதுகொண்டே நகர்வதையும், புதுப்பித்துக் கட்டப்பட்ட டண்டா புர்ஜில் முதிய பெண்கள் சுவரைத் தொட்டுத் தொட்டு வணங்குவதையும் கண்டேன். பேரன்களை இரவெல்லாம் அணைத்துக்கொண்டு, காலையில் நவாபின் அவைக்குத் தயார்செய்து அனுப்பிய பாட்டியின் கதையைப் பஞ்சாபிப் பாட்டிகள் தங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதை அங்கே நேரில் கேட்கலாம்.

கடைசி நாள் ஊர்வலம் ஃபதேகட் சாஹிபிலிருந்து புறப்பட்டு, சற்றுத் தொலைவிலுள்ள ஜோதி சரூப் குருத்வாராவுக்குப் போகிறது. மூவரின் உடல்களும் எரியூட்டப்பட்ட இடம் அதுவே. அந்த நிலம் கிடைத்த விதத்தை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எரியூட்ட இடம் தரக்கூடாது என்றிருந்த நிலையில், சிர்ஹிந்தின் செல்வரான திவான் தோடர் மல் முன்வந்தார். தேவையான நிலத்தின் பரப்பு முழுவதையும் பொற்காசுகளால் மூடினால் அதைப் பெற்றுக்கொள்ளலாம் என்று அவரிடம் சொன்னார்கள். காசுகளைப் படுக்கையாகப் பரப்பினால் போதாது, நிமிர்த்தி நெருக்கமாக அடுக்க வேண்டும் என்று அடுத்த நிபந்தனை வந்தது. அவர் அதற்கும் ஒப்பி அடுக்கினார். காசுகளின் எண்ணிக்கையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த எண் முக்கியமன்று. நவாபின் ஊரிலேயே வாழ்ந்து, நவாபின் அதிகாரத்தின் கீழ் வணிகம் செய்த ஒருவர், எல்லோரும் பார்க்க அந்தப் பொற்காசுகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார் என்பதையே நான் நினைத்துப் பார்க்கிறேன். சிர்ஹிந்தில் ஜஹாஜ் ஹவேலி என்னும் அவருடைய மாளிகையின் எஞ்சிய பகுதி இன்றும் இருக்கிறது. போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். மேளாவுக்கு வரும் இலட்சக்கணக்கானவர்களில் அங்கே செல்பவர்கள் குறைவு.

மறுமொழி: சண்டிகரில் சில ஆண்டுகள் வாழ்ந்த உறுப்பினர்

ஐயா, உங்கள் பதிவில் நான் எதிர்பார்த்த ஒருவர் வரவில்லை. அவரைப் பற்றி எழுத எனக்கு இடம் விட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். என் கணவரின் பணி காரணமாகச் சண்டிகரில் வசித்தபோது நாங்கள் மலேர்கோட்லாவுக்குச் சென்றிருக்கிறோம். அங்கே 'ஹா தா நாரா' என்ற பெயரில் ஒரு குருத்வாரா இருக்கிறது. அநீதியைக் கண்டு எழுந்த குரலின் நினைவாக அமைந்த அந்தத் தலம் ஒரு சீக்கியரையோ குருவையோ குறிப்பதன்று. மலேர்கோட்லாவின் முஸ்லிம் நவாபான ஷேர் முகம்மது கானைக் குறிப்பது. வஜீர் கானின் அவையில், அந்தச் சிறுவர்களைப் பழிவாங்கும் வாய்ப்பு அவருக்கே முதலில் தரப்பட்டதாகச் சொல்கிறார்கள். சீக்கியருடனான போரில் அவர் தம் உடன்பிறந்தவரை இழந்திருந்தார். ஆனால் அவரோ, எனக்குப் பகை இவர்களுடைய தந்தையோடுதான், பால் மணம் மாறாத இந்தக் குழந்தைகள் என்ன தவறு செய்தார்கள் என்று கேட்டு, இது இஸ்லாத்துக்கே பொருந்தாத செயல் என்று மறுத்து அவையை விட்டு வெளியேறினார். அதே அவையில் சுச்சா நந்த் என்ற இந்து அதிகாரி, பாம்பின் குட்டிகளும் பாம்புகளே என்று சொல்லி நவாபைத் தூண்டினார் என்பதையும் அதே மூச்சில் சொன்னார் எங்களுக்கு விளக்கிய கிரந்தி (குருத்வாராவில் மறைநூல் ஓதுபவர்). எந்த மதத்தவர் என்பதை வைத்து அந்த அவையிலிருந்தவர்களைப் பிரித்துவிட முடியாது என்று அவர் அழுத்திச் சொன்னார்.

நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். ஷேர் முகம்மது கான் அதற்குப் பின்னும் முகலாயப் பேரரசுக்கு விசுவாசமான தளபதியாகவே இருந்தார். சீக்கியருக்கு எதிரான போர்களிலும் நின்றார். அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு மரியாதை என்றேன். அவர் சற்றும் தயங்காமல், "மகளே, போர்க்களத்தில் எதிரே நிற்பது வேறு. குழந்தைகளைக் கொல்லும் அவையில் வேண்டாம் என்று சொல்வது வேறு. இரண்டையும் எங்கள் முன்னோர்கள் தனித்தனியாக நினைவில் வைத்தார்கள்" என்றார். நவாபின் மறுப்பைச் செய்தி கொண்டுவந்தவர் வாயிலாகக் கேட்ட குரு கோவிந்த் சிங், மலேர்கோட்லாவின் குடிக்கு வாழ்த்துச் சொன்னார் என்பது மரபு. 1947இல் பஞ்சாப் முழுவதும் இரத்தம் ஓடியபோது மலேர்கோட்லாவில் படுகொலை நடக்கவில்லை. சுற்றுப்புறங்களிலிருந்து ஓடிவந்த முஸ்லிம்கள் அந்த எல்லைக்குள் நுழைந்த பின் உயிர் தப்பினார்கள். குருவின் அந்த வாழ்த்தே காத்தது என்று அங்குள்ள சீக்கியர்களும் முஸ்லிம்களும் ஒரேபோலச் சொல்கிறார்கள். நவாப்களின் நிர்வாகமும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் கொலைவெறி பரவிய அந்த நாட்களில், இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு நன்றிக்கடனைச் சாமானிய மனிதர்கள் மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். மலேர்கோட்லா 2021இல் பஞ்சாபின் 23ஆவது மாவட்டமாக அமைக்கப்பட்டது.

மறுமொழி: தில்லியில் வசிக்கும் உறுப்பினர்

தோடர் மல்லைப் பற்றிப் படித்ததும் தில்லியின் ரகாப் கஞ்ச் குருத்வாராவே நினைவுக்கு வந்தது. நாடாளுமன்றத்துக்கு அருகில் இருப்பதால் அந்த வழியாகச் செல்லாதவர்கள் குறைவு. 1675 நவம்பரில், காஷ்மீரப் பண்டிதர்களின் முறையீட்டை ஏற்றுக்கொண்டு நின்ற ஒன்பதாவது குருவான குரு தேக் பகதூர், அவுரங்கசீப்பின் ஆணைப்படி சாந்தினி சௌக்கில் தலை வெட்டப்பட்டார். உடலை எவரும் எடுத்துப் போகாதபடி காவல் இருந்தது. தலையை பாய் ஜைத்தா என்பவர் ஆனந்த்பூருக்கு எடுத்துச்சென்றார். உடலை லக்கி ஷா வஞ்சாரா என்ற வணிகர், சரக்கு ஏற்றிய வண்டிகளுக்கிடையே மறைத்துத் தம் இருப்பிடமான ராய்சீனாவுக்குக் கொண்டுவந்தார். வெளியே சிதை அடுக்கினால் தெரிந்துவிடும் என்பதால், உடலை வீட்டுக்குள் வைத்து, தற்செயலாகத் தீப்பிடித்ததுபோல வீட்டையே கொளுத்திவிட்டார். அந்த வீடு இருந்த இடம்தான் ரகாப் கஞ்ச்.

அங்கே காலணி வைக்குமிடத்தில் சேவை செய்துகொண்டிருந்த ஓர் அம்மையார், தாம் வஞ்சாரா குலத்தைச் சேர்ந்தவர் என்றும், ஊரிலிருந்து வரும்போதெல்லாம் இந்தச் சேவையை மட்டுமே கேட்டு வாங்குவதாகவும் என்னிடம் சொன்னார். தம் குலத்துப் பெரியவர் வீட்டைக் கொடுத்தார், தாம் சில மணி நேரம் கொடுக்கிறேன் என்றார்.

முதற்பதிவிட்டவர்

அம்மா, ஷேர் முகம்மது கானைப் பற்றி உங்களளவு தெளிவாக நான் எழுதியிருக்க மாட்டேன். தில்லி அன்பருக்கும் நன்றி. இந்த வரிசையில் மாச்சிவாராவையும் சேர்த்துவிடுகிறேன். லூதியானா மாவட்டத்திலேயே இருப்பதால் எனக்கு அது பக்கம். சம்கௌரில் இரண்டு மகன்களை இழந்து, கால்நடையாக மாச்சிவாராக் காட்டை அடைந்த குருவை, நபி கான், கனி கான் என்ற பதான் சகோதரர்கள் காப்பாற்றினார்கள். அவர்கள் குதிரை வணிகர்கள். குருவுக்கு நீல உடை அணிவித்து, கட்டிலில் அமர்த்தி, உச் நகரத்துப் பீர் (முஸ்லிம் ஞானி) என்று சொல்லித் தோளில் சுமந்து முகலாயப் படையின் நடுவே கொண்டுசென்றார்கள். பிடிபட்டிருந்தால் அவர்களுக்கும் மோதி ராமின் முடிவே நேர்ந்திருக்கும். மகன்களைவிட எனக்கு அருமையானவர்கள் என்று அவர்களைக் குறித்து குரு ஓலை எழுதிக் கொடுத்ததாகச் சீக்கியர்கள் போற்றுகிறார்கள். அந்த இருவர் பெயரிலும் மாச்சிவாராவில் ஒரு குருத்வாரா இருக்கிறது.

சிர்ஹிந்துக்கு மேளா நாட்களில் செல்ல நினைப்பவர்கள் ஃபதேகட் சாஹிபையும் ஜோதி சரூப்பையும் முதல் நாளும், மாச்சிவாராவையும் சம்கௌரையும் மறுநாளும் வைத்துக்கொள்வது நல்லது. தங்குமிடம் குருத்வாராக்களின் சராய்களிலேயே (பயணியர் விடுதிகளிலேயே) கிடைக்கும், ஆனால் அந்த வாரத்தில் கூட்டம் மிகுதி. கம்பளியும் தலையை மூடத் துணியும் கட்டாயம் வேண்டும். ராய்கோட்டில் குருவுக்கு அடைக்கலம் தந்த ராய் கல்லாவைப் பற்றியும், குரு அவருக்குக் கொடுத்த கங்கா சாகர் என்னும் கலத்தைப் பற்றியும் நேரில் கேட்டறிந்தவர்கள் இருந்தால் தொடர்ந்து எழுதுங்கள்.