வெள்ளைக் குவார்ட்ஸ் மேடையில் மஞ்சள், சாம்பல் கோடு, ஒரு வட்டம்

கேள்வி: கோவைக்காரி
புது வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பழைய வீட்டில் சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட். சாம்பார் கொட்டினாலும் தெரியாது. நானும் உற்றுப் பார்த்ததில்லை. இங்கே ஆசைப்பட்டு வெள்ளைக் குவார்ட்ஸ் போட்டோம். "துடைத்தால் போதும்" என்றார் கடைக்காரர். மிக்ஸிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள்: மஞ்சள்தூள் டப்பாவை ஈரத்தில் வைத்த வினை. பாத்திரம் துலக்கும் தொட்டி ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியது போல் சாம்பல் கோடுகள். பணியாரக் கல்லை இறக்கி வைத்த இடத்தில் பழுப்பு வட்டம், நடுவில் பளபளப்பே இல்லை. பிளீச்சிங் பவுடர் போடலாமா? மாமியார் ஊரிலிருந்து வருவதற்குள் சொல்லுங்கள்.

பதில்: மேடைக்கல் பதிப்பவன்
பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். இது மலையில் வெட்டிய கல் இல்லை அம்மா. எடையில் சுமார் 90 சதவீதம் நொறுக்கிய குவார்ட்ஸ். மீதி அதைப் பிடித்து வைக்கும் ரெசின், ஒரு வகைப் பிளாஸ்டிக் பசை. பிளீச் அந்தப் பசையைத்தான் கெடுக்கும்.

சாம்பல் கோடு கீறல் இல்லை. அலுமினியக் குக்கரை இழுத்திருப்பீர்கள். கல் பாத்திரத்தைவிடக் கடினம். பாத்திரம்தான் தேய்ந்து கல்லில் ஒட்டியிருக்கிறது. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, மெத்தென்ற பஞ்சால் தேய்த்தால் போய்விடும். கம்பி நார் ஆகாது.

வட்டம் கறை இல்லை, வெந்த புண். 150 டிகிரியைத் தாண்டும் சூட்டில் ரெசின் கெடத் தொடங்கிவிடும். காய்ந்த இரும்புக் கல் அதை எளிதில் தாண்டும். "மெஷின் போட்டுத் தேய்த்துத் தருகிறேன்" என்று யாராவது வருவார்கள். தேய்க்க விடாதீர்கள், அந்த இடம் தனித் திட்டாகத் தெரியும். தண்ணீர் விடாமல் அரைத்தால் பறக்கும் தூசி நுரையீரலுக்கு எமன். வெட்டும் தொழிலாளர்களுக்கு சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்ததால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லையே தடை செய்தது. என் பட்டறையில் தண்ணீர்க் குழாய் திறந்த பிறகுதான் எந்திரம் ஓடும்.

பதில்: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை
மஞ்சளுக்கும் சோடாக் குழம்பையே தடவலாம். ஆனால் தடவியதும் கறை சிவக்கும், பதறாதீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது போலத்தான். கழுவினால் மஞ்சளாகத் திரும்பும், கொஞ்சம் வெளுத்திருக்கும். மிச்சத்தை வெளிச்சம் பார்த்துக்கொள்ளும். மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது. பகலில் ஜன்னல் திரையை விலக்கி வையுங்கள். அதற்காக ஆண்டு முழுவதும் மேடையை வெயிலில் காயவிடாதீர்கள், ரெசினும் பழுத்துவிடும். தினமும் துடைக்கப் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டும் வெந்நீரும் போதும்.

கோவைக்காரி
கோடுகள் பத்து நிமிடத்தில் போய்விட்டன, பஞ்சுதான் கறுத்தது. மஞ்சள் சிவந்தபோது, சொல்லியிருந்தும் ஒரு கணம் வயிறு கலங்கியது. நான்கு நாள் வெளிச்சத்துக்குப் பிறகு, தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. வட்டத்தின் மேல் பாட்டி காலத்துப் பிரிமனையைப் போட்டு மண்பானையை வைத்துவிட்டேன். மாமியார் வந்தார். பானைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை.