புதுப்பிப்பு: ஆறு வாரம் கழித்து வந்த இரத்தப் பரிசோதனை

கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 148, எஸ்.ஜி.பி.டி. 66, ஜி.ஜி.டி. 310 என்று வந்த தாளை மனைவிக்குத் தெரியாமல் அலமாரியில் ஒளித்துவைத்திருப்பதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். ஆறு வாரமாக ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. நேற்றைய முடிவு: 38, 35, 92.

ஜி.ஜி.டி. மட்டும் இன்னும் அதிகம்தான். அது பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் பிடிக்குமாம். முதல் தாளில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைவிட இரு மடங்குக்கு மேல் இருந்ததைப் பார்த்ததுமே மருத்துவர் குடியைப் பற்றித்தான் கேட்டார்.

ஒரேயடியாக நிறுத்தினீர்களா என்று பலர் கேட்டிருந்தீர்கள். மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்தினேன். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். தயவுசெய்து தனியாக முயலாதீர்கள். மாத்திரையும் பி1 வைட்டமினும் எடுத்துக்கொண்டிருந்தபோதே, மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டியிருந்தது. டபராவில் பாதி சிந்தியது. மனைவி ஒன்றும் சொல்லாமல் துடைத்தாள். அப்போதுதான் அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன்.

கீழாநெல்லி சொன்ன நண்பரே, அக்கறைக்கு நன்றி. இப்போதைக்கு எதையும் கேட்காமல் சாப்பிட வேண்டாம் என்பது மருத்துவரின் கண்டிப்பு. எண்கள் இறங்கினாலும் கல்லீரலுக்குள்ளே தழும்பு இருக்கலாம் என்பதால் வெள்ளிக்கிழமை ஸ்கேன். இந்த முறை அவளும் வருகிறாள்.