கதையை எழுத்துத் தமிழிலேயே வாசிப்பதா, பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்வதா?

கேள்வி: ஓசூர் அம்மா

என் மகனுக்கு ஐந்தரை வயது. ஆங்கிலவழிப் பள்ளியில் யு.கே.ஜி. படிக்கிறான். இரவில் உறங்குவதற்கு முன் கால் மணி நேரம் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவதைச் சில மாதங்களாக வழக்கமாக வைத்திருக்கிறேன். ஆங்கிலப் புத்தகம் என்றால் அமைதியாகக் கேட்கிறான். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து, "நரி அங்கிருந்து புறப்பட்டுச் சென்றது" என்று வாசித்தவுடன், "ஏம்மா நியூஸ் மாதிரி பேசற?" என்று சிரிக்கிறான். "நரி அங்கேருந்து கெளம்பிப் போச்சு" என்று மாற்றிச் சொன்னால் கதைக்குள் வந்துவிடுகிறான், ஆனால் இப்போது எழுத்துகளை அடையாளம் காணத் தொடங்கியிருப்பதால், பக்கத்தில் விரல் வைத்து, "இதுல 'போச்சு' எங்க இருக்கு?" என்று கேட்கிறான். எந்த வழியில் தொடர்வது என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

மாற்றாதீர்கள், அம்மா. தொடக்கப்பள்ளியில் நான் கண்டவரை, தமிழ் வாசிக்கத் திணறிய பிள்ளைகளில் பலருக்கு எழுத்து தெரியாமல் இல்லை. கூட்டி வாசித்து முடித்த சொல்லை அதற்கு முன் அவர்கள் காதால் கேட்டதே இல்லை. 'புறப்பட்டது' என்ற சொல் ஏற்கெனவே காதில் விழுந்திருந்தால், முதல் வகுப்புப் பாடநூலில் அதைப் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்தைக் கூட்டுவது ஒன்றே வேலை. இல்லையென்றால் எழுத்தையும் புரியாத சொல்லையும் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டும். அவன் சிரித்தால் சிரிக்கட்டும். கதை சொல்லும் வரிகளை எழுத்துத் தமிழிலேயே வாசியுங்கள். நரியும் காகமும் பேசுமிடத்தில் மட்டும் குரலை மாற்றி, வீட்டில் பேசுவதுபோலப் பேசுங்கள்.

மறுமொழி 2: இரு பெண்களின் தாய், கோயம்புத்தூர்

ஆசிரியர் ஐயாவின் கருத்தில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. புரியாத மொழியில் முதல் நாளே தொடங்கினால், குழந்தை தமிழ்ப் புத்தகத்தையே வேண்டாம் என்று தள்ளிவிடும். நான் முதல் இரவில் புத்தகத்தைத் திறந்து வைத்து, படங்களைக் காட்டிப் பேச்சுத் தமிழில் கதையைச் சொல்லிவிடுவேன். மறுநாள் இரவு, "இன்னைக்குப் புத்தகம் எப்படிச் சொல்லுதுன்னு கேப்போம்" என்று அறிவித்துவிட்டு உள்ளபடியே வாசிப்பேன். அதே கதையைப் பத்து நாள் கேட்பது குழந்தைகளின் இயல்பு என்பதால் இது எளிதாகவே நடந்தது. நான்காம் நாள் நான் வேண்டுமென்றே ஒரு சொல்லை விழுங்கினால், சின்னவளே 'புறப்பட்டது' என்று எடுத்துக்கொடுத்தாள்.

புத்தகத் தேர்வும் முக்கியம். சிறுவர் நூல் என்று விற்கப்படுவனவற்றுள் சில, பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும் நீண்ட வாக்கியங்களால் ஆனவை. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காக 'நுழை, நட, ஓடு, பற' என்று நிலை பிரித்து வெளியிட்ட சிறு நூல்களைப் பாருங்கள். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்திலும் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உறங்கும் நேரத்தில் கைப்பேசி வேண்டாம் என்பதால் நான் அவற்றை அச்செடுத்துத் தைத்து வைத்திருக்கிறேன். கதை முடிந்ததும், "இதுல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்; அந்தக் கேள்வி வந்தால் படுக்கையறை வகுப்பறை ஆகிவிடும்.

மறுமொழி 3: சென்னைத் தந்தை

கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். என் மகள் தானாகவே படிக்கத் தொடங்கியதும் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டேன், அது பிழை. அவளால் கேட்டுப் புரிந்துகொள்ள முடிந்த கதை பெரியது, எழுத்துக் கூட்டி வாசிக்க முடிந்ததோ நான்கு வரி. இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் தமிழ்ப் புத்தகத்தைத் தொடுவதையே விட்டுவிட்டாள். இப்போது நான் ஒரு பக்கம், அவள் ஒரு பத்தி என்று மீண்டும் தொடங்கியிருக்கிறோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இல், கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே வாசித்துக் காட்டுமாறு பெற்றோரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. எப்போது தொடங்குவது என்று எல்லோரும் கேட்கிறோம். எப்போது நிறுத்தக் கூடாது என்று நான் யாரையும் கேட்கவில்லை.

ஓசூர் அம்மா

அனைவருக்கும் நன்றி. முதல் நாள் பேச்சு, மறுநாள் புத்தகம் என்று ஒரு வாரமாகச் செய்து பார்க்கிறேன். காகத்தின் வசனத்தைத் தானே பேச வேண்டும் என்று இப்போது அடம்பிடிக்கிறான். 'கூறினான்' வந்தால் மட்டும் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. அதை நானே 'சொன்னான்' என்று மாற்றி வாசித்துவிடுகிறேன். ஆசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும். அந்த இடத்தில் அவன் இன்னும் விரல் வைக்கவில்லை.