9ஆம் வகுப்பு மகள் கபடி டீமில் சப்ஸ்டிட்யூட்: நிறுத்திவிடலாமா?

தேனிக்காரி:
மகள் இந்த வருஷம்தான் பள்ளி கபடி டீமில் சேர்ந்தாள். 12 பேரில் ஒருத்தி, ஆனால் மேட்சில் பெரும்பாலும் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறாள். இடது கார்னர் (ஓரத்தில் நின்று பிடிக்கும் இடம்) பழக்குகிறார்கள். பிடி நன்றாக இருக்கிறதாம், "வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்குறா" என்பதுதான் பி.டி. மிஸ்ஸின் குறை. காலாண்டில் கணக்கு மார்க் இறங்கிவிட்டது. போட்டிக்கு எடை குறைக்கணும் என்று ராத்திரி சாப்பிடுவதில்லை. வீட்டில் நிறுத்தச் சொல்கிறார்கள், அவளுக்கு விட மனசில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்மண்தரை:
நிறுத்தாதீர்கள் அக்கா. பேசாத பிள்ளைக்குக் கார்னர் மிக நல்ல இடம். ரெய்டரின் (பாடி வருபவளின்) கால் அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும், பார்த்ததை உடனே சொல்லியாகணும்.

"தைரியமாப் பேசு" என்றால் பயன் இல்லை. என்ன சொல்வது என்று தெரியாததால்தான் பல பிள்ளைகள் வாய் மூடி நிற்கிறார்கள். மூன்றே சொல் முடிவு செய்யுங்கள்: "போனஸ்" (ரெய்டர் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துக் கூடுதல் புள்ளி எடுக்கப் பார்க்கிறாள்), "பிடி", "விடு". பயிற்சியின் முதல் 10 நிமிஷம் அந்தச் சொற்களை இவள் மட்டுமே கூப்பிடணும், மற்ற ஆறு பேரும் அதற்குத்தான் நகரணும் என்று மிஸ்ஸிடம் கேளுங்கள். "பிடி" தாமதமானால் என்ன ஆகும் என்று அவளே பார்ப்பாள்: கார்னர் கணுக்காலைப் பிடித்திருப்பாள், கவர் (நடுப்பக்கம் நிற்பவள்) வந்து மறிக்காததால் ரெய்டர் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுவிடுவாள்.

கணுக்கால் பிடி தவறுவது பெரும்பாலும் அவசரத்தால். ரெய்டரின் எடை பின்காலில் இருக்கும்போது முன்காலைப் பிடித்தால் உருவிக்கொள்வாள். போனஸுக்கோ தொடவோ காலை நீட்டி ஊன்றும் நொடி, அல்லது திரும்பும் நொடி, அதுதான் நேரம். தலை ரெய்டரின் முழங்காலுக்கு நேரே போகவே கூடாது.

வெளியே உட்காரும் நேரமும் வீணில்லை. கையில் ஒரு நோட்டு: எந்த ரெய்டர், எந்தப் பக்கம் போகிறாள், எந்தக் காலை நீட்டுகிறாள், உள்ளே எத்தனை பேர். ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ் உண்டு. பெண்களுக்குப் பாதி ஆட்டம் 15 நிமிஷம், இடைவேளை 5 நிமிஷம். அந்த இடைவேளையில் கேப்டனிடம் இரண்டே விஷயம் சொல்லட்டும். அவள் சொன்னபடி ஒரு ரெய்டர் மாட்டினால் போதும், அடுத்த தடவை டீமே வந்து கேட்கும்.

டிஃபெண்டர் (பிடிக்கும் ஆட்டக்காரர்) மெதுவாகத்தான் தேறுவார். தஞ்சைப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் 40 வயது தாண்டிய பிறகு, 2016இல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாக ப்ரோ கபடி கோப்பை வாங்கினார்.

வெள்ளைக்கோடு:
எனக்கு அதிகக் கவலை அந்த ராத்திரிச் சாப்பாடுதான். வளரும் வயசில் பட்டினி கிடந்து எடை குறைத்தால் தசையும் கரையும். தண்ணீரைக் குறைத்தால் ஆட்டத்தில் தசைப்பிடிப்பு, மயக்கம். மாதவிடாய் தள்ளிப்போனால் உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். எடை வரம்புக்கு மேலே இருந்தால் அந்தப் பிரிவை விடட்டும், மிஸ்ஸிடம் நீங்களே சொல்லுங்கள்.

பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன் வாழைப்பழம், முடிந்ததும் சுண்டல் அல்லது முட்டை, பிறகு வழக்கமான ராத்திரிச் சாப்பாடு. சீக்கிரம் மூச்சு வாங்கினால் ஹீமோகுளோபின் பாருங்கள், 12க்குக் கீழே என்றால் இரத்தசோகை. சாப்பிட்டவுடன் டீ வேண்டாம், இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்குகிறதா என்று கவனியுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் ஜவ்வு கிழிவது பல நேரம் அப்படித்தான். வாரம் மூன்று நாள் ஒற்றைக்கால் ஸ்குவாட், காலுக்கு 8 வீதம் இரண்டு சுற்று. கணுக்கால் பிசகி நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால் தைலம் தேய்க்காமல் எக்ஸ்ரே எடுங்கள்.

கரும்பலகை:
மார்க் இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆட்டம் இல்லை, விட்டுப்போன வகுப்பு. போட்டிக்குப் போகும் நாளுக்கு ஓ.டி. (பள்ளிக்காக வெளியே போனதாக) வருகை கிடைக்கும், பாடம் கிடைக்காது. கணக்கில் ஒரு நாள் விட்டால் அடுத்த நாளும் புரியாது. ஒரு தோழியிடம் அன்றைக்கே நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்த களைப்பில் கணக்கு ஏறாது, அதைக் காலையில் முக்கால் மணி நேரம் வையுங்கள். ராத்திரிக்கு எழுத்து வேலை மட்டும். தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது.

தேனிக்காரி:
ரொம்ப நன்றி. எடை விஷயத்தை நான் போய்ப் பேசினால் மிஸ் டீமை விட்டே எடுத்துவிடுவாரோ என்று மகள் பயப்படுகிறாள்.

செம்மண்தரை:
குறை சொல்லப் போகாமல் கேள்வி கேட்கப் போங்கள் அக்கா. "எந்தப் பிரிவு, வரம்பு எவ்வளவு, எடை எப்போது பார்ப்பார்கள்?" மகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், முதல் கேள்வியை அவளே கேட்கட்டும்.