தன்னளவாக்கம்: ‘பரிமாணநீக்க’த்துக்கு ஒரு மாற்று

அன்புடையீர்,

ஒரு சமன்பாட்டில் வரும் நீளம், காலம், வெப்பநிலை ஆகியவற்றை வெறும் விகிதங்களாக மாற்றி எழுதும் முறைக்கு (nondimensionalization) ‘அலகுநீக்கம்’, ‘பரிமாணநீக்கம்’ என்ற இரு சொற்கள் முந்தைய மடலில் முன்வைக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. இங்கே பரிமாணம் என்பது நீளம், காலம் போன்ற அளவு வகையைக் குறிக்கிறது; ஆனால் அச்சொல்லைக் கேட்டதும் நம் மாணவர்களுக்கு முப்பரிமாணம்தான் நினைவுக்கு வருகிறது. சென்ற வாரம் தரமணியில் ஓர் ஆய்வு மாணவி, பரிமாணத்தை நீக்கிவிட்டால் குழாய்க்குள் ஓடும் நீர் இருபரிமாணத் தளப்பாய்வாகச் சுருங்கிவிடுமா என்று என்னிடம் கேட்டார். அந்த ஐயத்தைக் கிளப்பியதே நாம் கொடுத்த சொல்தான்.

மேலும், ஆய்வாளர் உண்மையில் செய்யும் வேலையை ‘நீக்கம்’ சொல்லவில்லை. ஆறிக்கொண்டிருக்கும் காபியை எடுத்துக்கொள்வோம். காபி 80 பாகை, அறை 30 பாகை என்றால், இடையிலுள்ள வேறுபாட்டைத் தொடக்கத்தில் இருந்த 50 பாகையால் வகுக்கிறோம். காலத்தை, அந்தக் காபி ஆறுவதற்கே உரிய ஒரு கால அளவால் வகுக்கிறோம். நியூட்டனின் குளிர்வு விதி (ஆறும் வேகம் வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதம்) பொருந்தும் வரையில், எவர்சில்வர் டம்ளரும் பீங்கான் கோப்பையும் ஒரே வளைகோட்டில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அளவுகோலை வெளியிலிருந்து கொண்டுவராமல் கணக்குக்குள்ளிருந்தே எடுப்பதால், அந்த அளவைத் ‘தன்னளவு’ என்றும், முறையைத் ‘தன்னளவாக்கம்’ என்றும் வழங்கலாம் என முன்மொழிகிறேன்.

பயன்பாட்டுக் கணித ஆய்வுகள் பல இந்தப் படியில்தான் சூடுபிடிக்கின்றன. தன்னளவாக்கிய பிறகே சமன்பாட்டின் எந்த உறுப்பு (term) சிறியது, எதை விட்டுவிட்டுத் தொடங்கலாம் என்பது தெரிகிறது. தேர்வு பிசகினால் இயற்பியலே கைநழுவிப் போகும். 1904இல் ஹைடல்பர்க்கில் நடந்த கணித மாநாட்டில் ஜெர்மானியப் பாய்ம இயக்கவியல் அறிஞர் லுட்விக் பிராண்டல் எடுத்துக்காட்டியது இதற்குத் தக்க சான்று: ரெனால்ட்ஸ் எண் (பாய்மத்தின் நிலைம விளைவை அதன் உள்ளுராய்வான பாகியலின் விளைவால் வகுத்துக் கிடைப்பது) பெரிதாக இருக்கையில், பொருளின் நீளத்தையே எல்லாத் திசைகளுக்கும் தன்னளவாகக் கொண்டால் பாகியல் உறுப்பு புறக்கணிக்கத்தக்கதாகிவிடுகிறது, ஆனால் பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில், குறுக்குத் திசைக்கு அந்த நீளத்தை ரெனால்ட்ஸ் எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்துக் கிடைக்கும் அளவை வைத்தால்தான் பாகியல் மீண்டும் சமன்பாட்டுக்குள் வருகிறது. ‘ஒரே பாய்வுக்கு இரண்டு தன்னளவுகள்’ என்று இதை இயல்பாகச் சொல்ல முடிகிறது; நீக்கச் சொற்களில் இதற்கு இடமில்லை.

‘தன்னளவில்’ என்ற வழக்குச் சொல்லோடு குழம்பாதா என்று கேட்கலாம். பொருள் நெருக்கமாகவே இருப்பதால் அது துணைதான் செய்யும் என்பது என் எண்ணம். ‘தன்னளவாக்கு’, ‘தன்னளவாக்கிய சமன்பாடு’ என்று வினையாகவும் எச்சமாகவும் சொல் வளைந்து கொடுக்கிறது. பள்ளிப் பாடநூலில் வேரூன்றிவிட்ட ‘பரிமாணமற்ற’ என்ற அடையை மட்டும், கிடைக்கும் எண்களுக்கு அப்படியே விட்டுவைக்கலாம். பாய்ம இயக்கவியல் கற்பிப்பவர்கள் இச்சொல்லை ஒரு வகுப்பில் பயன்படுத்திப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.