'டைனமிக் ஸ்பிளின்ட்': இயங்கு சிம்பா, இழுசிம்பா?

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் 'டைனமிக் ஸ்பிளின்ட்' என்பதற்கு 'இயங்கு சிம்பு' என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்பிளின்ட்டுக்குச் 'சிம்பு' போதும். முறிந்த எலும்புக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவது ஊரறிந்த வழக்கம். நடிகர் நினைவுக்கு வருகிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு நாளில் பழகிவிடும்.

'இயங்கு சிம்பு' என்பதுதான் இடிக்கிறது. மோட்டார் வைத்த கருவி போலத் தோன்றுகிறது. போன வருடம் எனக்குக் கையில் அடிபட்டு, கட்டுப் பிரித்தபின் நடுவிரல் நடுக்கணுவில் மடங்கியே நின்றுவிட்டது. சிகிச்சை தந்தவர் ஒரு வெள்ளைத் தகட்டை வெந்நீரில் போட்டார். அது கண்ணாடி மாதிரித் தெளிந்து துவண்டதும் புறங்கையில் படிய வைத்து வடிவம் எடுத்தார். அதிலிருந்து முன்னால் நீளும் ஒரு கம்பி, கம்பியில் ரப்பர் பேண்ட், அதன் நுனியில் விரலை ஏந்தும் தோல் வார். ரப்பர் விரலுக்குச் செங்குத்தாக நிற்கும்வரை கம்பியை வளைத்து வளைத்துப் பார்த்தார். சாய்ந்தால் வார் வழுக்கும், இழுப்பும் வீணாகும். இங்கே சிம்பு எங்கும் இயங்கவில்லை. ரப்பர்தான் மணிக்கணக்காக, மெதுவாக இழுக்கிறது. அதனால் 'இழுசிம்பு'. வினைத்தொகை, ஒற்று மிகாது.

'ஸ்டாடிக் புரோகிரஸிவ் ஸ்பிளின்ட்' வேறு வகை. இறுகிய முழங்கைக்கு அதிகம் போடுவார்கள். ரப்பர் இல்லை, திருகாணியை முடுக்கி, தாங்கக்கூடிய எல்லையில் நிறுத்துவது. திசு தளர்ந்ததும் நோயாளியே இன்னும் கொஞ்சம் முடுக்குவார். அரைமணி நேரம், நாளுக்கு மூன்று முறை என்று போடுவது உண்டு. இதற்கு 'முடுக்குசிம்பு' என்கிறேன்.

மாவுக்கட்டை அவிழ்த்து, விரலை இன்னும் சற்று நீட்டி மறுபடி வார்ப்பது மூன்றாவது வகை, 'சீரியல் காஸ்டிங்'. வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குச் செய்தது இதைத்தான். 'தொடர்வார்ப்பு' எனலாம்.

———

> முடுக்குசிம்பு

இழுசிம்பு அருமை. ஆனால் பள்ளிப் பாடத்தில் முடுக்கம் என்றால் திசைவேகம் மாறும் வீதம். பிள்ளைகள் குழம்புவார்கள். தவிர, சிலவற்றில் திருகே கிடையாது, வெல்க்ரோ பட்டைதான். 'படிச்சிம்பு' என்றால் என்ன?

———

> படிச்சிம்பு

தொடர்வார்ப்பும் படிப்படியாகத்தானே ஐயா? அதில் படியை ஏற்றுபவர் சிகிச்சையாளர், இதில் நோயாளி. அந்த வித்தியாசம் சொல்லில் தெரிய வேண்டும். பட்டையையும் இழுத்து முடுக்கலாம். 'முடுக்கு' என்றால் மெக்கானிக் ஸ்பேனரைத்தான் எடுப்பார், இயற்பியல் புத்தகத்தை அல்ல. சரி, பட்டியலில் இப்போதைக்கு இரண்டையும் போட்டு வைக்கிறேன்.